வெடிப்பில் பச்சை

எண்பத்து மூன்றில் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் சேறுகூட இல்லை. எங்கள் செவலைப் பசு நிறைசினை. மேலூர்த் தரகன் தவசி அதை அடிமாட்டுக்கு ஓட்டிப்போக, விடிந்ததும் விடியாததுமாய் வாசலில் வந்து நின்றான்.

"தண்ணியில்லாம இத வச்சு என்னண்ணே செய்வீக? கன்னோட செத்துச்சுன்னா தோலுக்குக்கூட ஆள் வராது."

தரகன் வாயில் வருவது எதையும் நான் நம்புவதில்லை.

"பாறையில எங்கயாச்சும் ஈரம் கசியுதான்னு பாத்துட்டு வாரேன். அதுவரைக்கும் கயித்துல கை வைக்காத" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த சாமி பாறையில் ஏறினேன்.

பாசி, நிழல் விழும் வடக்கு வெடிப்புகளில்தான் பிடிக்கும். அதற்கு வேர் கிடையாது. நகத்தால் கிள்ளினால் மெத்தை மாதிரி பெயர்ந்து வரும். அடியில் நூல் நூலாகக் கல்லைப் பிடித்திருக்கும். காய்ந்தால் சுருண்டு, கருகிய வைக்கோலாய்க் கிடக்கும். செத்துப்போனது என்று நினைப்போம். சாகாது. அன்று பாறை முழுக்க அந்தக் கறுப்புதான்.

ஒரே ஒரு வெடிப்பில் மட்டும் பச்சை. இலை விரிந்திருந்தது. மெல்லிய காம்புகளின் நுனியில் சீரகம் போலக் காய்கள். விரலை வைத்தேன். ஈரம். உள்ளே ஊற்று கசியாமல் இந்தக் கோடையில் ஏது ஈரம்?

மேலிருந்தே கத்தினேன். "மாடு கெடையாதுடா, போ!"

"பெறகு என்னையத் தேடாதீக!" தவசி பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தான்.

இறங்கிப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்து இடித்தேன். பொறி பறந்தது. சில்லு சில்லாய்த் தெறித்த கல்லெல்லாம் உள்ளே காய்ந்து கிடந்தது. சத்தம் கேட்டு என் பெண்டாட்டி ராமக்காள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சாமி பாறையப் போயி ஏய்யா இடிக்கிறீக?"

"ஊத்துடி! பாசியப் பாரு."

"ஊத்தா? விடியக் கருக்கல்ல நாந்தான் ஒரு கொடம் ஊத்துனேன். பாறை குளுந்தா மழை எறங்கும்னு வெள்ளிக்கு ஒரு வீடா ஊத்துறோம். இன்னைக்கு நம்ம வீட்டு முறை. ஆம்பளைகளுக்குச் சொல்லக் கூடாதுல்ல."

"ஏது தண்ணி?"

அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

"ஏதுடி தண்ணி?"

"மாட்டுக்கு வச்சிருந்தது."

வெயில் வெடிப்புக்குள் இறங்கியிருந்தது. இலை நுனிகள் சுருள ஆரம்பித்துவிட்டன.

கடப்பாரையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். "தவசி! ஏலே தவசி!" பஸ் போன புழுதிதான் நின்றது.

திரும்பி வந்தபோது செவலை, காலித் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது.