ஓடினின் குதிரைக்கு விட்ட கட்டு

"ஞாயிறானா என் பிரசங்கத்துக்கு முதல் ஆளா வந்து உக்கார்ற. அப்புறம் எதுக்கு அந்த ஸ்லெய்ப்னிருக்குத் தீனி வைக்கிற?" என்று, ஊருக்குப் புதிதாய் வந்த போதகர் ஒருமுறை பெங்டா என்ற குடியானவளிடம் கேட்டார்.

"அந்தப் பேரெல்லாம் தெரியாதுங்க ஐயா. ஓடினோட குதிரைன்னுவோம். பசிச்சு வர்ற குதிரைகிட்ட, நீ எந்தச் சாமி ஆளுன்னு கேக்கவா முடியும்?"

போதகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஓட்ஸ் அறுப்பின் கடைசிக் கதிர்க்கட்டை ஊரில் ஒவ்வொருவரும் வயலிலேயே நிறுத்திவிடுவார்கள். பனிக்காலத்தில் பழங்காலத்துச் சாமி ஓடின் வானத்தில் வேட்டைக்குப் போகையில் அவருடைய எட்டுக்கால் குதிரைக்கு அதுதான் தீனி. அது பட்டினியாய்த் திரும்பினால் மறுவருஷம் ஊர்ப் பயிரையே மிதித்துவிடும். கட்டு விடாத வீட்டுக் குதிரையோடு யாரும் தங்கள் குதிரையைச் சேர்த்து ஏர் பூட்டமாட்டார்கள்.

இந்த வருஷம் மழையில் பாதி ஓட்ஸ் அழுகிப்போனது. பெங்டாவின் குதிரை, குட்டிக்குப் பால் கொடுத்தே விலா எலும்பு தெரிய நின்றது. இப்போதே தேற்றாவிட்டால் தோல் உரிக்கிறவனுக்குத்தான் விற்க வேண்டும். அவள் வயலில் நன்றாகக் காய்ந்திருந்தது ஓடினுக்காக நிறுத்திய கட்டு ஒன்றுதான்.

மத்தியான வெயிலில் பெங்டா அதைப் பிரித்துக் குதிரையின் முன்னால் போட்டாள்.

"அடிப்பாவி!" பக்கத்து வயல்காரர் ட்ருல்ஸ் வண்டியை நிறுத்தினார். வருஷா வருஷம் அவளோடு சேர்ந்து ஏர் பூட்டுகிறவர். "யாரு கட்டுல கை வைக்கிறேன்னு தெரியுதா?"

"தெரியுது அண்ணே. அது ஆகாசமெல்லாம் சுத்துற குதிரை. நம்ம ஊர்ல இல்லேன்னா டென்மார்க்குல தின்னுக்கும். இதுக்கு என்னைய விட்டா யாரு?"

"ஊர்க்காரங்க சாயங்காலம் இந்த வழியாத்தான் திரும்புவாங்க. வெறும் தாளடியப் பாத்தா உன் குதிரைகூட எவன்டி ஏர் பூட்டுவான்?"

"நீங்க பூட்டமாட்டீங்களா?"

தாய்க்குதிரை ஓட்ஸை மென்றுகொண்டிருந்தது. குட்டி அதன் வயிற்றுக்கடியில் தலையை நுழைத்து முட்டி முட்டிக் குடித்தது. ட்ருல்ஸ் அதையே பார்த்தார். பிறகு ஒருமுறை வானத்தையும் பார்த்துக்கொண்டார்.

வண்டியிலிருந்து தன்னுடைய கட்டு ஒன்றை இறக்கினார். பெங்டாவின் வயலில், பழைய கட்டு நின்ற இடத்திலேயே, காற்றில் சாயாதபடி தாளடியில் ஊன்றி நிறுத்தினார். கதிர்களை மேல்பக்கமாக நீவிவிட்டார்.

"அண்ணே..." என்றாள் பெங்டா.

அவர் திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறி, கடிவாளத்தைச் சுண்டிவிட்டுப் போய்விட்டார்.