வாணலி தொங்கிய முளை

மார்லிஸ் வாணலியைச் சுவரிலிருந்து கழற்றியதும் சீட்டாட்டம் நின்றுபோனது.

மறுநாள் விடிந்தால் மான் வேட்டைப் பருவம் தொடக்கம். வேட்டைக் குடிசையின் சுவரில், மார்லிஸின் அப்பா அடித்து வைத்த மர முளைகள் மூன்று. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர் சுட்டுப் பொறித்திருக்கும். தம்பி டெல்பர்ட்டின் முளையிலும் பெரியப்பா மகன் லைலின் முளையிலும் துப்பாக்கி. மார்லிஸின் முளையில் ஒன்பது வருடமாக இந்த வாணலி. துப்பாக்கி இல்லாதவர்தான் சமைக்க வேண்டும் என்பது குடிசையின் வழக்கம்.

அவள் துப்பாக்கி எதையும் மாட்டவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு கோர்ட்டுத் தாளை மாட்டினாள். லைல் எழுந்து போய்ப் படித்தான். மனுதாரரால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து நேர வாய்ப்பில்லை, துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை திருப்பித் தரப்படுகிறது என்று நீதிபதி கையெழுத்திட்டிருந்தார்.

"அப்ப ராத்திரி சாப்பாடு யாரு செய்யறது?" என்றான் லைல்.

அவள் வாணலியை மேசையில் வைத்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்பு, பண்ணையின் பசுக்கள் ஏலத்தில் போன பிறகு, மூன்று வாரம் அவள் படுக்கையை விட்டு எழவில்லை. நாலாவது வாரம் தானே எழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்று பையைக் கட்டினாள். ஒரு கால் பூட்ஸ் மட்டும் அகப்படவில்லை. தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் போலீஸ் வண்டி. டெல்பர்ட், லைல், லைலின் மனைவி மூன்று பேரும் அன்பு மிகுதியால், அவளைக் கட்டாயமாக மனநல ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிக் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தானாக நடந்து போயிருந்தால் ஒன்றுமில்லை. கோர்ட்டு உத்தரவில் போனதால், ஒற்றைப் பூட்ஸோடு துப்பாக்கி உரிமையும் போனது. அன்றிலிருந்து விஸ்கான்சினின் அந்த மூலையில் அவள் 'பாவம், மார்லிஸ்.'

டெல்பர்ட்டை யாரும் பாவம் என்றதில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் கிறிஸ்துமஸுக்கு முற்றத்தில் நிறுத்திய பிளாஸ்டிக் மானை அவன் சுட்டான். அசையவில்லை என்று மறுபடி சுட்டான். அதற்கும் அசையாதபோது அதன் நெஞ்சுரத்தை மதித்துத் தொப்பியைக் கழற்றினான். போன வருடம் புதருக்குள் கண் இரண்டு மின்னுவதைப் பார்த்துச் சுட்டது அவனுடைய வண்டியின் விளக்கை. ஊரே சிரித்துவிட்டு அவனுக்குப் பீர் வாங்கிக் கொடுத்தது. அவன் டாக்டரிடம் போனதே இல்லை, அதனால் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

மார்லிஸின் மனு விசாரணைக்கு வந்தபோது சாட்சி சொன்னவனும் அவன்தான். அக்காவின் குணம் எப்படி என்று நீதிபதி கேட்டார். "ரொம்ப நிதானம், ஐயா. நான் என் வண்டியவே சுட்டப்பக்கூட அக்கா ஒரு சத்தம் போடல." நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். மனு யாரைப் பற்றியது என்று தாளை இன்னொரு தரம் புரட்டிப் பார்த்தார்.

அதையெல்லாம் நினைத்துக்கொண்டே அவள் விறகு எடுக்க வெளியே போனாள். டெல்பர்ட் பின்னாலேயே வந்தான். வசந்தத்தில் அவன் மனைவி அவனை விட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு அவன் பிளாஸ்டிக் மான் கதையை யாருக்கும் சொல்லவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். மூன்று கட்டையை எடுத்து அவள் கையில் அடுக்கினான்.

"அக்கா, உன்னப் பாத்த அந்த டாக்டரம்மா இன்னும் இருக்காங்களா?"

"இருக்காங்க. யாருக்கு?"

"தெரிஞ்சவன் ஒருத்தன். தூக்கமே இல்ல அவனுக்கு. துப்பாக்கிய மடியில வச்சுக்கிட்டு அடுப்படியில உக்காந்திருக்கான்."

"அவன் வண்டிக்கு விளக்கு மாத்தியாச்சா?"

பனி சத்தமில்லாமல் விழுந்தது. அவன் தன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போனா துப்பாக்கியப் புடுங்கிருவாங்க. ஊரும் சிரிக்கும்."

"நீயா நடந்து போனா புடுங்க மாட்டாங்க, டெல்பர்ட். நானும் நடந்துதான் போகப் பாத்தேன். ஒரு பூட்ஸ் தேடற நேரம் குடுக்கல நீங்க."

அவன் காலால் பனியைக் கிளறினான்.

"கடைசில பூட்ஸ் எங்க இருந்துச்சு?"

"நாய்க்குக் கீழ."

தலையாட்டினான். பிறகு சட்டைக்குள்ளிருந்து துப்பாக்கி அலமாரியின் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான். "முளையில இருக்கறதையும் எடுத்துப் பூட்டிரு. கொஞ்ச நாளைக்கு. திங்கக்கெழமை வண்டி நீ ஓட்டறியா?"

"ஓட்டறேன்."

விடியுமுன் லைல் வேட்டைக்கான ஆரஞ்சு அங்கியை மாட்டிக்கொண்டு வந்தபோது, டெல்பர்ட் அடுப்படியில் பான்கேக் கருக்கிக்கொண்டிருந்தான். சுட்டதில் நாலு கரி, ஒன்று உத்தரத்தில் ஒட்டியிருந்தது. பிறகு வாணலியைக் கழுவித் துடைத்து, துப்பாக்கி இல்லாத தன் முளையில் அவனே மாட்டினான்.

லைல் சுவரைப் பார்த்தான். வாய்விட்டுச் சிரித்தான். "என்னடா, உனக்கும் கழண்டுருச்சா?"

டெல்பர்ட்டின் காது சிவந்தது. மார்லிஸ் காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தாள். தன் முளையில் தொங்கிய தாளை விரலால் நேராக்கினாள்.

"புத்தி சரியா இருக்குன்னு கோர்ட்டு எழுதிக் குடுத்தது இங்க எனக்கு மட்டுந்தான், லைல். உன் தாள் எங்க?"

லைல் தன் முளையைத் திரும்பிப் பார்த்தான். அதில் துப்பாக்கி மட்டும்தான் இருந்தது.