நாலு நாற்காலி விமானம்

கண்ணாடிக்காரரின் மனைவி ஒன்றை நினைத்துவிட்டால் அதை முடிக்காமல் ஓயமாட்டாள். வெளிநாட்டில் இருக்கும் அக்காவை அவள் நேரில் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. சின்னவனை அந்த அக்கா போனில் மட்டும்தான் கொஞ்சியிருக்கிறாள். அதனால் இந்த விடுமுறைக்குக் குடும்பத்தோடு விமானம் ஏறுவது என்று முடிவாயிற்று. முடிவெடுத்தது அவள், தலையாட்டியது அவர். தலையாட்டிய அன்றிலிருந்தே அவருக்குப் பயம்.

வெளியே சொல்லவா முடியும்? சாக்குப்போக்குதான் சொன்னார்.

"சின்னவனுக்குக் காது அடைக்கும்."

"வாயில மிட்டாய் போட்டா அடைக்காது."

"கடையை யாரு பாத்துப்பா?"

"உங்க கடைப் பொண்ணுதான் இப்பவும் பாத்துக்குது. நீங்க வர்றவங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அது உண்மை. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு வசதி உண்டு. பிரேம் சரியாக உட்கார்கிறதா, காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று பார்க்கிற சாக்கில் முன்பின் தெரியாதவர்களின் முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் யார் வந்தாலும் அந்த முகத்துக்கு அவரேதான் கண்ணாடி மாட்டிவிடுவார். இடது புருவத்தின் நடுவே முடி முளைக்காத சின்னத் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார். போன மாதம் ஒருத்திக்கு இருந்தது. "எப்படிம்மா பட்டுச்சு இது?" என்று கேட்டார். கல்லூரியில் படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்ததாம். அவளை அனுப்பிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் வெகுநேரம் கை கழுவினார்.

கை கழுவுவது அவருடைய இன்னொரு வியாதி. கூட்டத்தில் நின்றால் இடது உள்ளங்கை பிசுபிசுக்கும். பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி வராந்தா, எங்கே வரிசை நின்றாலும் சரி. யாரோ பின்னால் அரை அடி தள்ளி நிற்பது போலவும் இருக்கும். திரும்பிப் பார்த்தால் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். "சுத்தக்காரர்" என்று மனைவி பட்டப்பெயர் வைத்திருந்தாள். அவரும் சிரித்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் ஒத்திகை ஆரம்பமானது. பிள்ளைகளுக்கு விமானத்தில் உட்கார்ந்து பழக வேண்டுமாம். நாலு நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டு, இடுப்பில் துப்பட்டாவைக் கட்டி, அதுதான் பெல்ட் என்றாள். ஏழு வயதுப் பெரியவள் ஜன்னலோரம். மூன்று வயதுச் சின்னவன் அவள் பக்கத்தில். காது அடைக்காமலிருக்க ஆளுக்கொரு மிட்டாய். சின்னவன் அதை வாயில் பாதி நேரமும் கையில் பாதி நேரமும் வைத்திருந்தான். கண்ணாடிக்காரரும் பின்வரிசையில் உட்கார்ந்து, பெல்ட் கட்டி, பயணி வேஷம் போட்டார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

"இப்ப இறங்கிட்டோம்," என்றாள் மனைவி. "பெரிய வரிசை. அப்பா ஏதோ ஃபாரம் எழுதப் போயிருக்காங்க, அம்மா பாஸ்போர்ட்டைக் காட்டிட்டு இருக்கேன். நீ என்ன பண்ணணும்? தம்பி கையை விடக்கூடாது. நீதான் பெரியவ. நீதான் பாத்துக்கணும், சரியா?"

பெரியவள் ரொம்பப் பொறுப்பாகத் தலையசைத்துத் தம்பியின் கையைப் பிடித்தாள். கண்ணாடிக்காரரின் இடது உள்ளங்கை பிசுபிசுத்தது. சொந்த வீட்டில், நட்டநடுக் கூடத்தில் அப்படி ஆனது அதுதான் முதல் தடவை.

"ஐயே, கையெல்லாம் ஒட்டுது," என்று பெரியவள் தம்பியின் கையை விட்டுவிட்டுத் தன் உள்ளங்கையைக் கவுனில் துடைத்தாள்.

"விடாதே!"

அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. சின்னவன் வீல் என்று அழ ஆரம்பித்தான். பெரியவள் பாய்ந்து அவன் கையை மறுபடி பிடித்துக்கொண்டு, பேயறைந்த மாதிரி அப்பாவையே பார்த்தாள்.

மனைவி இரண்டையும் அறையில் படுக்கப் போட்டுவிட்டு வந்தாள். வரும்போதே சண்டைக்கு வருகிற நடைதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் தங்கச்சி செத்துட்டான்னு உன்கிட்ட சொன்னேன்ல," என்றார்.

"காய்ச்சல்னு..."

"காய்ச்சல்னு நான் சொல்லலை. நீயா நினைச்சுக்கிட்டே. நானும் விட்டுட்டேன். அவ செத்தாளான்னே எங்களுக்குத் தெரியாது."

அப்போது அவருக்கு ஏழு வயது, தங்கச்சிப் பாப்பாவுக்கு நாலு, இடது புருவத்தின் நடுவே ஒரு தழும்பு. அவர்கள் குடும்பம் நாடு மாறி வந்து கப்பலிலிருந்து இறங்கிய நாள். துறைமுகக் கொட்டகையில் அப்பா ஒரு வரிசையில் நின்றார், அம்மா மூட்டைகளுக்கு நடுவே நின்றாள். பாப்பா கையை விடாதே, நீதான் பெரியவன் என்று அம்மா சொன்னாள். அவனும் விடவில்லை. கப்பலில் யாரோ கொடுத்த மிட்டாயைப் பாப்பா கையிலேயே வைத்துக் கரைத்திருந்தாள். அந்தப் பிசுபிசுப்பு தாங்காமல் அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். துடைத்துவிட்டுக் கையை நீட்டியபோது பிடிக்கக் கை இல்லை.

"அவ்வளவுதான்," என்றார். "எத்தனையோ வருஷம் தேடினாங்க. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டலை. ஆனா அதுக்கப்புறம் என் கையில எதையும் கொடுத்ததில்லை. ஒரு டம்ளர் பாலைக்கூடக் கொண்டுபோய் வைன்னு சொன்னதில்லை."

மனைவிக்குக் கண் கலங்கியது, கூடவே கோபமும் வந்தது. "இத்தனை வருஷம் கூட வாழ்ந்திருக்கேன். இதைச் சொல்லணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"சொன்னா நீயும் பிள்ளைங்களை என்கிட்ட கொடுக்கமாட்டியோன்னு பயம்."

அவள் எழுந்து, துப்பட்டாக்களை நாற்காலிகளிலிருந்து அவிழ்த்து மடித்தாள். "வேண்டாம்னா வேண்டாம்ங்க. அக்காகிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன்," என்று சமையலறைக்குப் போனாள். சொல்லும்போது குரல் உடைந்தது. ஆறு வருஷ ஏக்கத்தை ஒரு நொடியில் மடித்து வைப்பது லேசான காரியமா?

அவர் பிள்ளைகள் இருக்கும் அறைக்குப் போனார். மத்தியான வெயில் திரைச்சீலை வழியே மங்கலாக விழுந்திருந்தது. சின்னவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். பெரியவள் தன் தலை ரிப்பனால் தன் மணிக்கட்டையும் தம்பியின் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டி, கண்ணை அகல விழித்துக்கொண்டு கிடந்தாள்.

"தூங்கலையாடா?"

"தூங்கினா கை விட்டுடும்பா."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. எனக்கே தெரியும். நான்தானே பாத்துக்கணும்."

அவர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். இறுக்கிக் கட்டியிருந்தாள், தோல் சிவந்திருந்தது. அவருடைய இரண்டு விரலுக்குள் அந்த மணிக்கட்டு அடங்கிவிட்டது. ஏழு வயதுக் கை இவ்வளவுதானா? அந்தக் கொட்டகையில் கையை விட்ட பையனை அவர் மனசுக்குள் எப்போதும் ஒரு வளர்ந்த ஆளாகவே நிறுத்திவைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். அவனுக்கும் கை இத்தனூண்டுதான் இருந்திருக்கும்.

"அது உன் வேலை இல்லைம்மா," என்றார். "கையைப் பிடிச்சுக்கறது அம்மா அப்பா வேலை. உன் கையையும் சேர்த்துத்தான்."

"அப்ப எனக்கு என்ன வேலை?"

"ஜன்னல்ல வேடிக்கை பாக்கறது."

அவள் யோசித்தாள். "அப்ப நாம போறோமா?"

"போறோம்," என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. பயம் போய்விடவில்லை. போகாது என்றும் அவருக்குத் தெரியும்.

"அப்ப நான் தூங்கலாமாப்பா?"

"தூங்கு."

கேட்டதுதான் தாமதம், கண் செருகிவிட்டது. பாவம், எவ்வளவு நேரமாக அடக்கி வைத்திருந்தாளோ. கண்ணாடிக்காரர் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே கையை ஊன்றிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார்.

மனைவி வாசலில் வந்து நின்றாள். ரிப்பனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நீ போ. நான் பாத்துக்கறேன்," என்றார்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.