கரைவலையோடு ஒரு படம்

கொழும்பிலிருந்து மனைவி லதுசாவுடன் நிலாவெளிக்குச் சுற்றுலா வந்த நிசாந்தன், கரைவலை இழுத்துக்கொண்டிருந்த எட்டுப் பேருக்கு நடுவில் புகுந்து கயிற்றைப் பிடித்தான். லதுசா படமெடுக்கக் கைபேசியை உயர்த்தினாள்.

“அண்ணே, அந்த ரீசேட்டைக் கழட்டுங்கோ. படத்தில மீனவர் மாதிரித் தெரியேல்ல,” என்றான், முப்பது வருடமாக வலை இழுக்கும் சின்னப்போடியிடம்.

சின்னப்போடி தன் ரீசேட்டைக் குனிந்து பார்த்தார். “அப்ப நாங்கள் எல்லாரும் விலகி நிக்கிறம், தம்பி. நீங்களே இழுங்கோ.”

எட்டுப் பேரும் கயிற்றை விட்டார்கள். வலை அவனைக் குப்புற இழுத்துக்கொண்டு அலைக்குள் போனது. லதுசா விழுந்து விழுந்து சிரித்தாள்.

வாய் நிறைய மணலோடு எழும்பியவனின் கையில் சின்னப்போடி மறுபடி கயிற்றைத் திணித்தார்.

“மீன் போகுது, கதைக்காம இழுங்கோ.”

அந்த எட்டுப் பேரோடும் சேர்ந்து உள்ளங்கை உரியும்வரை இழுத்தான். வலை கரையேறியதும், “இப்ப படம் எடுக்கட்டோ?” என்று லதுசா கேட்டாள். விரல்களை மடக்க முடியாமல் நின்றவன், வேண்டாம் என்று தலையாட்டினான்.