புரூடருக்குள் ஒரு மகாராணி

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்றைக்கே கதிர்வேல் அவளுக்கு, கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டக் கட்டுகிற மாதிரி, ஒரு புரூடர் கட்டிவிட்டான். சேந்தமங்கலம் ரோட்டில் முப்பதாயிரம் கோழி வைத்திருக்கிறவன் வேறு என்னதான் செய்வான்? ஒரு நாள் வயசுக் குஞ்சு வந்து இறங்கினால் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அது. கட்டிலைச் சுற்றித் தகரத்தை வளைத்து நிறுத்தினான். மேலே இரண்டு குண்டு பல்பு, ஒவ்வொன்றும் இருநூறு வாட்ஸ். தலையணை உயரத்தில் தெர்மாமீட்டர். ஜன்னலுக்குத் தார்ப்பாய். கோழி ஷெட் வாசலில் இருக்குமே, அதே மாதிரி அறை வாசலில் கிருமி மருந்து கரைத்த தட்டு. பார்க்க வந்த சொந்தபந்தம் எல்லாம் அதில் காலை முக்கி, பாதம் பழுப்பேறித்தான் உள்ளே போனார்கள். மாட்டேன் என்று முறுக்கிய பெரிய மாமனுக்கு வாசலிலேயே காப்பி கொடுத்து வழியனுப்பியாயிற்று.

சந்தோஷத்தில் ஆள் தரையில் நிற்கவில்லை. ஊரே ஜிலேபி கொடுக்கும். இவன் வீட்டுக்கு வீடு ஒரு அட்டை முட்டை கொடுத்தான். ஆனால் மகளை மட்டும் தொடவில்லை. ஷெட்டுக்குப் போய்வருகிற கை, கிருமி ஒட்டிக்கொள்ளுமே என்று பயம். தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று, 'என்ற சாமீ, என்ற சாமீ' என்று கொஞ்சுவதோடு சரி.

மார்கழிக் குளிரில் ஊர் போர்த்திக்கொண்டு கிடக்க, அவன் மனைவி சௌந்தர்யாவுக்கு வேர்த்து ஊற்றியது. வேகுதுங்க என்றாள். முதல் வாரம் தொண்ணூற்றைந்து டிகிரி பாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு ஐந்து டிகிரியாகக் குறைப்போம் என்று அட்டவணை சொன்னான். முதல் மூன்று நாள் அவள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தை இரண்டு வாய் பால் இழுக்கும், தூங்கிவிடும். பாதத்தைச் சுண்டினாலும் அழாது.

ஏழாம் நாள் கிராம நர்ஸ் இலக்கியா எடை மெஷினோடு வந்தாள். ஆத்தூர்க்காரி, வாய்க்கு வாய் பேசுகிறவள். வாசல் தட்டைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் தாண்டிக் குதித்தாள். எடை போட்டதும் முகம் மாறியது. பிறக்கும்போது இரண்டு கிலோ முந்நூறு. இப்போது இரண்டு கிலோ நூறு. நாலு நாளில் மறுபடி வருவேன், ஏறவில்லையென்றால் சேலத்துக்குக் கொண்டுபோய்க் குழந்தைகள் வார்டில் சேர்த்துவிட வேண்டியதுதான், பிள்ளை உள்ளே, நீங்கள் வெளியே என்றாள்.

கதிர்வேல் பல்பை அண்ணாந்து பார்த்தான்.

"சூடு பத்தலீங்களா சிஸ்டர்? இன்னொரு பல்பு போட்டறட்டுங்களா?"

இலக்கியா எழுந்துபோய் இருக்கிற இரண்டையும் அணைத்தாள். தார்ப்பாயை விலக்கினாள்.

"குஞ்சுக்குச் சூடு ஜாஸ்தியானா என்னண்ணா பண்ணும்?"

"ஓரத்துக்கு ஓடிப் போயிருமுங்க."

"இவ எங்க ஓடுவா?"

குஞ்சு கும்பலாக நின்றால் குளிர், ஓரத்தில் நின்றால் சூடு என்று இருட்டிலும் கண்டுபிடிக்கிறவன், ஒரு வாரமாகப் பெற்ற மகளை வாட்டி எடுத்திருக்கிறான்.

இலக்கியா குழந்தையைக் குப்புறத் திருப்பி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே விரல் வைத்துக் காட்டினாள். கோழிக்குஞ்சுக்கு இல்லாத ஒன்று உங்கள் பெண்ணுக்கு இங்கே இருக்கிறது, பழுப்புக் கொழுப்பு என்றாள். சாதாரணக் கொழுப்பு சேர்த்து வைக்கும், இது எரிக்கும். அதன் ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா என்கிற பொடிப்பொடி உலைகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. அவற்றிலுள்ள இரும்புச்சத்துதான் அந்தப் பழுப்பு. உடம்பில் மற்ற இடத்தில் அவை சாப்பாட்டை வேலை செய்கிற சக்தியாக மாற்றிக் கொடுக்கும். இங்கே மட்டும் ஒரு புரதம் குறுக்குவழியைத் திறந்துவிட, சக்தி அத்தனையும் வெறும் சூடாக வெளியே வரும். பச்சைப்பிள்ளைக்கு நடுங்கத் தெரியாது, குளிரைத் தாங்க அதற்கு இருப்பது இந்த அடுப்புதான்.

கதிர்வேல் நாமக்கல்காரன். லாரி ஊர், லாரி பாஷைக்கு மாற்றிப் பார்த்தால்தான் அவனுக்கு உறைக்கும்.

"வண்டிய நியூட்ரல்ல போட்டு ஆக்சிலேட்டர மிதிக்கறாப்பலங்களா? வண்டி நகராது, எஞ்சின் மட்டும் காயும்?"

"அதேதாண்ணா. டீசல் மட்டும் தாய்ப்பால்."

ரொம்பக் குளிர விட்டால் குடித்த பாலெல்லாம் சூட்டுக்கே செலவாகி உடம்பில் ஒட்டாது. வறுத்தெடுத்தால் துவண்டுபோய்க் குடிக்கவே குடிக்காது. ரெண்டுக்கும் நடுவில் வைக்க வேண்டும் என்றாள். இந்தக் கணக்கு அவனுக்கு அத்துப்படி. பனிக்காலத்தில் கோழி தீனியைக் காலி பண்ணும், எடை மட்டும் ஏறாது.

"அப்ப நானு என்ன பண்ணோணும்?"

"சோப்பு போட்டுக் குளிச்சுட்டு, சட்டை இல்லாம வந்து உக்காருங்க. உங்க நெஞ்சுச் சூடுதான் இவளுக்கு அளவு."

இரண்டு தடவை குளித்தான். குழந்தைக்குக் குல்லாய் மாட்டி, அவன் வெற்று நெஞ்சில் சாய்த்து, மேலே பருத்தித் துண்டைப் போர்த்தினாள் இலக்கியா. கதிர்வேலுக்கு மூச்சு விடவே பயம். கொஞ்சம் கொஞ்சமாகக் கையைத் தூக்கி அந்தக் குட்டி முதுகில் வைத்தான். தோள்பட்டைக்கு நடுவில் வெதுவெதுப்பாக இருந்தது. பல்பும் எரியவில்லை, தார்ப்பாயும் இல்லை. அவளே காய்ச்சிய சூடு. ஆம்பளை என்றும் பார்க்காமல் அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். சௌந்தர்யா அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

அரை மணியில் குழந்தை கண்ணைத் திறந்து வாயால் துழாவியது. சௌந்தர்யா வாங்கிப் பால் கொடுத்தாள். இந்தத் தடவை தூங்கவில்லை. இழுத்து இழுத்துக் குடித்தது.

அப்புறம் நாலு நாள் அவனை யாரும் வெளியே பார்க்கவில்லை. பண்ணையில் வேலை பார்க்கும் அங்கமுத்து, தீனி லாரி வந்திருக்கிறது என்று போன் பண்ணினார். நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள், நான் இங்கே சூடு கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று கதிர்வேல் வைத்துவிட்டான். அந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. யார் சிரித்தால் என்ன, அவனுக்கு நெஞ்சிலிருந்து இறக்க மனசு வரவில்லை.

சொன்ன நாளில் இலக்கியா வந்தாள். கதிர்வேல் நெஞ்சிலிருந்து குழந்தையை இறக்கிக் கொடுத்தான். சௌந்தர்யா கண்ணை மூடிக்கொண்டாள். மெஷின் தட்டு சில்லென்று பட்டதும் குழந்தை காலை உதைத்தது. எண்கள் ஓடி ஓடி நின்றன.

இரண்டு கிலோ இருநூற்று இருபது.

அடுத்த நொடி தட்டிலிருந்து ஒரு கத்தல் கிளம்பியது. அந்தப் பொடி உடம்புக்குள் அத்தனை தொண்டை எங்கே இருந்ததோ, ரோடு வரைக்கும் கேட்டது. கதிர்வேல் அசையாமல் நின்றான்.

"அழுவுதுங்களே மாமா, எடுங்க," என்றாள் சௌந்தர்யா.

"இரு கண்ணு. இன்னுங் கொஞ்சம் கேட்டுக்கறனே."