சுமை: நான் மட்டும்

சவ வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நிற்க, மகள் காரின் பின்சக்கரத்தருகே குந்திக் காற்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா வண்டில ஏறிட்டாரு, உனக்கு டயரு கேக்குதா?” என்றார் சித்தப்பா.

“முப்பத்தாறு இருக்கணும் சித்தப்பா. குறைஞ்சா பெட்ரோல் இழுக்கும்.”

அந்தப் பழைய பந்தயக் கார் ஒருகாலத்தில் பெட்ரோலைக் குடித்ததில்லை, குளித்தது. லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர். பங்க்கைக் கண்டால் தானாகத் திரும்பும். ஓய்வு பெற்ற மறுநாளே அப்பா அதைத் திருத்தக் கிளம்பினார். பெட்ரோல் குறைவாகப் பாய, கார்புரேட்டரில் சின்ன ஜெட் மாட்டினார். பிளக்குகளை முகம் பார்க்கும் அளவுக்குத் துடைத்தார். எடையைக் குறைக்கிறேன் என்று பின்சீட்டு, ஸ்டெப்னி, ரேடியோ என ஒவ்வொன்றாகக் கழற்றினார். விட்டிருந்தால் பெயின்ட்டையும் சுரண்டியிருப்பார். ஆறு வருடத்தில் பதினொன்று புள்ளி ஒன்பது. பன்னிரண்டைத் தொட்டுவிட்டால் செத்தாலும் கவலையில்லை என்பார். தொடாமலே செத்தார்.

நான்கு நாள் முன்பு டாங்க்கை வாய்வரை நிரப்பி இருநூற்று இருபத்துநாலு கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். மறுபடி வாய்வரை நிரப்பினால்தான் கணக்கு தெரியும். மயானம் போய்விட்டு வரும் வழியில் நிரப்பிவிடுவதென்று மகள் முடிவு செய்திருந்தாள். அந்தப் பன்னிரண்டாவது கிலோமீட்டரை அவருக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். அதுவரை ஓட்டுபவரைத் தவிர ஒரு குண்டூசிகூடக் காரில் ஏறக்கூடாது.

கழற்றியதில், ஓட்டுபவருக்குப் பக்கத்து முன்சீட்டு மட்டும் வீட்டுக்குள் வந்திருந்தது. ஹாலில் டிவிக்கு எதிரே, இரண்டு மரக்கட்டைமேல், அம்மாவின் நாற்காலியாக. காலையிலிருந்து அவள் அதில்தான் இருந்தாள். அழவில்லை.

“அண்ணி, எந்திரிங்க. அண்ணன்கூட அந்த வண்டில உக்காருங்க.”

“நான் கார்ல வரேன்.”

“அதுல சீட்டு ஏது?”

“நான் உக்காந்திருக்கறது என்ன, பாயா?”

மகள் மனதுக்குள் கூட்டினாள். அம்மா அறுபத்திரண்டு, போன மாதம் டாக்டரிடம் பார்த்தது. சீட்டு பதினாலு. பன்னிரண்டு போயே போச்சு.

“அம்மா, இன்னிக்கு ஒரு நாள் அப்பா வண்டில வாயேன். கணக்கு கெட்டுடும்.”

“ஆறு வருஷமா நான் பஸ்ல போறேன். யாரு கணக்கு கெட்டுச்சு?”

மகள் போய் ஸ்பானரை எடுத்து வந்தாள். அலமாரியில் ஒரு சின்ன டப்பா; மேலே அப்பாவின் கையெழுத்தில் ‘முன்சீட்டு போல்ட் - 4’. திறந்தால் எண்ணெய் வாசனை. ஒன்றில்கூடத் துரு இல்லை.

“அண்ணனைத் தூக்க வந்தேன், சீட்டைத் தூக்கறேன்” என்று முனகியபடி சித்தப்பா ஒரு பக்கம் பிடித்தார்.

சவ வண்டி போன வேகத்தில் எறும்பு ஹாரன் அடித்து முந்திப் போயிருக்கும். பின்னால் கார் இரண்டாம் கியரில் இருமி இருமிச் சென்றது. அம்மா கண்ணாடியை இறக்கினாள். ஏத்தும்மா, காத்து தடுக்கும் என்று வாய்வரை வந்ததை மகள் விழுங்கினாள்.

எல்லாம் முடிந்து பங்க்குக்கு வந்தார்கள். அம்மா இறங்கவில்லை.

“சார் வரலையா?” என்றார் பங்க்காரர்.

“இல்லைங்க. ஃபுல் பண்ணிடுங்க.”

அவர் பழக்கம் மாறாமல் காரை இடுப்பால் இடித்துக் குலுக்கி, காற்றை வெளியேற்றி, கழுத்துவரை நிரப்பினார். சரியாக இருபது லிட்டர்.

ஓடியது இருநூற்று முப்பத்தாறு. மகள் டாஷ்போர்டிலிருந்து நோட்டை எடுத்தாள். தேதி, லிட்டர், தூரம், மைலேஜ், சுமை என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் ஆறு வருடமும், பக்கத்துக்குப் பக்கம், ஒரே வாசகம்: ‘நான் மட்டும்.’

பதினொன்று புள்ளி எட்டு என்று எழுதிவிட்டு, சுமைக் கட்டத்தில் நிறுத்தினாள்.

“குடு இப்படி” என்று அம்மா நோட்டையும் பேனாவையும் வாங்கினாள். யோசித்து, மெதுவாக எழுதினாள்: ‘நானும் மகளும். நான் 55 கிலோ.’

மகள் பார்த்தாள். நோட்டை வாங்கி உள்ளே வைத்தாள். அம்மா பக்கவாட்டில் கைவிட்டுத் துழாவி, சீட்டை ஒரு பல் பின்னால் சாய்த்துக்கொண்டாள்.