கிண்ணத்தின் அடியில் ஒரு ரோஜா

குன்வோருக்கு எல்லாமே அலுத்துப்போயிருந்தது. தாத்தாக்கள் மரப்பெட்டிகளில் வரைந்த ரோஸ்மாலிங் என்னும் நார்வேப் பூச்சுருள்களை அவள் தார்க் கறுப்பிலும் சாலைப் பலகை ஆரஞ்சிலும் வரைபவள். "பூவை லாரி ஏத்திக் கொன்னுட்டா" என்றது டெலிமார்க்கில் அவள் ஊர். ஒஸ்லோ காட்சிக்கூடத்திலோ அதே பூவின் முன் தலையைச் சாய்த்து நின்று, "என்ன துணிச்சல்!" என்றார்கள். இரண்டு தரப்புக்கும் பதில் சொல்ல அவளிடம் தெம்பில்லை. தோள்பட்டை வேறு விண்விண்ணென்று வலித்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய அலுப்பு அண்ணன் தார்யை. இருபது வருஷமாக அவனைப் பனிப்பள்ளத்திலிருந்தும் அடுத்தவர் வீட்டுச் சோபாவிலிருந்தும் அள்ளிக் காரில் போட்டு வீடு சேர்த்தவள் அவள்தான். இப்போது பத்து மாதமாக அவன் குடிக்கவில்லை. அது அவளுக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரியும். சந்தோஷப்படக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

நாளை அவனுக்கு அறுபது. அந்தக் குடும்பத்தில் அறுபது என்றால் பீர்க் கிண்ணம் உண்டு. இரண்டு கையாலும் ஏந்தும் பெரிய மரக் கிண்ணம். அடியில் வரைந்த ரோஜா தெரியும்வரை பிறந்தநாள்காரர் குடித்துவிட்டு அடுத்தவருக்குத் தர வேண்டும். பழைய கிண்ணம் விரிசல் விட்டதால், புதிது வரையும் வேலையைக் குன்வோரின் தலையில் கட்டியிருந்தார்கள்.

தார்யை பட்டறைக் கதவருகே வந்து நின்றான்.

"பெயின்ட் காயலன்னு சொல்லிடேன்."

"மூணு வாரமாவா காயாம இருக்கும்? எய்வின்ட் நகத்தால சுரண்டிப் பாப்பான்."

எய்வின்ட் அவர்களுடைய சித்தப்பா மகன். விருந்துக்கான பீரைக் காய்ச்சியவனே அவன்தான்.

"அப்போ உடம்பு சரியில்லன்னு படுத்துக்கறேன்."

"கட்டிலுக்கே கிண்ணத்தத் தூக்கிட்டு வருவான். குடிய விட்டுட்டேன்னு நீயே சொல்லிடேண்ணே."

"சொல்லிட்டு மறுநாளே விழுந்துட்டா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்." அவன் கிண்ணத்தின் பக்கமே திரும்பவில்லை. "ஒரு வாய் உள்ள போனாப் போதும் குன்வோர். அப்புறம் என்னால நிறுத்த முடியாது."

அது அவளுக்கும் தெரியும். அவன் போனதும் டிரில்லிங் மெஷினை எடுத்தாள். மூன்று வாரம் வரைந்த ரோஜாவின் நட்டநடுவில் வைத்து அழுத்தினாள். வருத்தப்படவில்லை. வருத்தப்படவும் தெம்பு வேண்டுமே.

மறுநாள் ஊர்க் கூடத்தில் நாற்பது பேர் எழுந்து நின்றார்கள். ஓட்டையை விரலால் பொத்தியபடி கிண்ணத்தைக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தாள் குன்வோர். வெள்ளிப் பொத்தான் வைத்த உடுப்பில் அவன் முகம் வெளுத்திருந்தது. எய்வின்ட் பீரை ஊற்றினான். ஊற்ற ஊற்ற அது கீழே ஒழுகியது.

"ஓட்டைக் கிண்ணம்டா! இதுதான் உன் தங்கச்சியோட நவீனமா?" என்று எய்வின்ட் கத்த, கூடமே சிரித்தது. "விரல வச்சு அடைடா! அடைச்சுட்டுக் குடி!"

தார்யையின் விரல் ஓட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தது. குன்வோர் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓட்டை போட அவளால் முடியும். அந்த விரலை என்ன செய்வது?

விரல் நகர்ந்தது. ஒழுகுவது நின்றது.

தார்யை நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான். பிறகு விரலை எடுத்தான். பீர் பொத்தான்களிலும் பேன்ட்டிலும் வழிந்து ஷூவுக்குள் இறங்கியது. கடைசிச் சொட்டுவரை அவன் அசையவில்லை.

"ரோஜா தெரியுது," என்றான். "வழக்கம் முடிஞ்சுது. நான் குடிய விட்டுப் பத்து மாசம் ஆச்சு. அடுத்தது யாரு?"

கிண்ணத்தை எய்வின்ட் கையில் திணித்துவிட்டு அவளிடம் வந்தான்.

"சாவியக் குடு. இன்னைக்கு நான் ஓட்டறேன்."

"இந்த நாத்தத்தோட போலீஸ் மறிச்சா?"

"பேன்ட்டுதான் குடிச்சிருக்குன்னு சொல்றேன்."

குன்வோருக்குச் சிரிக்கத் தெம்பில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, இருபது வருஷமாக அவன் சாய்ந்து கிடந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். முதல் வளைவு வருவதற்குள் தூங்கிப்போனாள்.